பாட்டு கேக்கல

தம்பி, ஒரு சின்ன உதவி. நான் ஜன்னல் பக்கம் போயிக்கிறேன், நீங்க இங்கிட்டு வந்து உக்காருங்க. இடது காது மெஷின்ல பேட்டரி தீந்துபோச்சு. நீங்க எனக்கு வலது பக்கம் இருந்தாத்தான் பேசுறது கேக்கும். ஜன்னல் சீட்டைப் பிடுங்குறதுக்கு இப்படியும் ஒரு வழி இருக்கான்னு நினைக்காதீங்க. நினைச்சாலும் பரவாயில்ல, எனக்குக் கேக்கப்போறதில்ல.

என்ன, சளியா? சளி இல்ல தம்பி, சளியில அடைச்ச காது இல்ல இது. ஓ, 'சரி'ன்னு சொன்னீங்களா. பாத்தீங்களா, ஏறி உக்காந்து ரெண்டு நிமிஷம் ஆகல, ஆரம்பிச்சிட்டேன்.

மதுரைக்குத்தான் போறேன். காது டெஸ்ட் இன்னைக்கு. ஆறு மாசத்துக்கு ஒருதடவ போய் மெஷினைத் திருகிட்டு வரணும். என் பேரு அருளப்பன். சின்னமனூருக்கு அங்கிட்டு ஒரு ஸ்கூல்ல பி.டி. வாத்தியார். அது பொழப்பு. ஆனா இந்தத் தேனி, கம்பம் பக்கமெல்லாம் வாத்தியார்னு என்னைய ஒருத்தருக்கும் தெரியாது. கபடி அம்பயர்னாத் தெரியும். பதினெட்டு வருஷம் விசில் அடிச்சவன்.

கபடி பாப்பீங்கள்ல? டி.வி.யில பாக்குறதை விடுங்க, அதுல மியூசிக்கைப் போட்டு அமுக்கிர்றாங்க. நேர்ல பாத்திருந்தாத் தெரியும். எதிர் ஆளுக கோட்டுக்குள்ள போறவன் 'கபடி கபடி'ன்னு விடாமச் சொல்லிக்கிட்டே போகணும், சொல்லிக்கிட்டே திரும்பணும். அதுக்குப் பேரு பாட்டு. பாட்டு அறுந்துச்சுன்னா அவன் அவுட்டு. நாலு பேரைத் தொட்டுட்டு வந்திருந்தாலும் அவுட்டுதான். கோட்டை மிதிச்சானா, கையைத் தொட்டானான்னு யாரு வேணும்னாலும் பாத்துச் சொல்லிரலாம். பாட்டு அறுந்துச்சான்னு சொல்றதுக்குக் காது வேணும். அந்தக் காது எனக்கு இருந்துச்சு. பாடிப்போறவன் நடுவுல எச்சி முழுங்கினாக்கூட விசில் அடிச்சிருவேன். பசங்க எனக்கு வச்ச பேரு பாம்புக்காது. முதுகுக்குப் பின்னாடி கிசுகிசுன்னு வச்ச பேருதான். ஆனா எனக்குக் கேட்டுருச்சுல்ல.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, எனக்கு நாப்பத்தோரு வயசு, கேன்சர் வந்துருச்சு. எங்கன்னு கேக்கமாட்டீங்க, மரியாதையான ஆளாத் தெரியுது. ஆம்பளைகளுக்கு மட்டும் வர்ற இடத்துல வந்துச்சு. ரெண்டுல ஒண்ணை எடுத்துட்டாங்க. இப்ப பஸ்ஸுல முன்னப்பின்னத் தெரியாத உங்ககிட்டச் சொல்றேன், அன்னைக்குச் சொந்த அண்ணன்கிட்டச் சொல்லல. ஊர் பூராம் 'குடலிறக்கம், குடலிறக்கம்'னு சொல்லிவச்சேன். என் வீட்டம்மா ஜெசிந்தா கேட்டா, "குடலிறக்கத்துக்கு ஒருத்தனுக்கு மீசை கொட்டுமா? ஊர்ல இருக்கவங்க சோத்தைத்தான திங்குறாங்க?"

அதுவும் சரிதான். ஆனா அம்பயர் ஒரு முடிவு சொன்னா மாத்துறதில்ல. குடலிறக்கம்னா குடலிறக்கந்தான்.

ஆபரேஷன் முடிச்சு மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி டாக்டரம்மா ஒரு தாளை வச்சு ஒவ்வொண்ணா வாசிச்சாங்க. வாந்தி வரும், முடி கொட்டும், கிட்னியைக் கவனிக்கணும், காதுல இரைச்சல் வரலாம், சின்னச் சத்தமெல்லாம் கேக்காமப் போகலாம், அப்படி ஏதாச்சும் தெரிஞ்சா உடனே சொல்லணும்னாங்க. "ஏதாவது கேக்கணுமா?"ன்னு கேட்டாங்க. உசுரு, காது, கிட்னி எல்லாத்தையும் விட்டுட்டு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மீசையும் கொட்டுமா டாக்டர்?"

ஒவ்வொரு தடவ மருந்து ஏத்துறதுக்கு முன்னாடியும் நர்ஸம்மா கேக்கும், "காதுல சத்தம் எதும் இருக்கா?"ன்னு. ரெண்டாவது தடவ வரைக்கும் நெசமாவே இல்ல. மூணாவதுல இருந்துச்சு. 'இல்ல'ன்னுட்டேன். சொன்னா மருந்தைக் குறைச்சு, அந்த நோவு திரும்பி வந்துருமோன்னு பயம். பயம்னு இப்பச் சொல்றேன். அன்னைக்கு அதுக்கு நான் வச்ச பேரு தைரியம். நாலாவது தடவையும் 'இல்ல'ன்னேன்.

நோவு போயிருச்சு. அதைச் சொல்லணும், டாக்டரம்மா நல்லா இருக்கட்டும். சத்தம் மட்டும் போகல.

எப்படிச் சத்தம்னு சொல்றது? மேகமலைக்கு ஏறியிருக்கீங்களா? நடுக்காட்டுல சில்வண்டு கத்துமே, ஒரே இழையா, 'கொய்ய்ய்'ன்னு, அந்த மாதிரி. சில்வண்டாவது நாம கிட்டப் போனா நிறுத்தும். இது நிறுத்தாது. எனக்கு இது காதுல இருந்து வருதுன்னே தோணல தம்பி. நம்ம காதாவது தப்புப் பண்றதாவது. எங்க தெருமுக்குல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. அதுதான் இரையுதுன்னு முடிவு பண்ணி, கரண்டு ஆபீஸுக்கு எழுதிப் போட்டேன். ஒருதடவ இல்ல, மூணு தடவ. மூணாவதுக்கு லைன்மேன் ஒருத்தர் வந்தாரு. பகல் பதினோரு மணி. டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழ ரெண்டு பேரும் நிக்கிறோம். "ஒண்ணும் கேக்கலயே சார்"ங்கிறாரு. "நல்லாக் கேளுங்க, இப்பவும் இரையுது பாருங்க"ங்கிறேன் நான். அந்த மனுசன் என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. "சார், இன்னைக்கு மாசாந்திர ஷட்டவுன். காலையில ஒம்பது மணியிலருந்து இந்த லைன்ல கரண்டே இல்ல."

நான் விடல. "கரண்டு இல்லாதப்பவே இந்த இரைச்சல்னா, இருக்கும்போது எப்படி இருக்கும்னு யோசிங்க"ன்னேன்.

அப்புறம் பாருங்க, ஆளுக பேச்செல்லாம் குறைஞ்சுபோச்சு. ஹெட்மாஸ்டர் முனங்குறாரு, பிள்ளைக முனங்குதுக, மாதா கோயில்ல சாமியார் பிரசங்கமே முனங்கலா இருக்கு. எனக்கு இது பிடிச்சிருந்துச்சு. செத்துப் பிழைச்சு வந்தவன்கிட்ட மரியாதையா அடக்கிப் பேசுறாங்கன்னு நினைச்சேன். ஜெசிந்தா ஒருத்திதான் கத்துனா. ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு அலைஞ்சு அவளுக்குக் கோவம் கூடிப்போச்சுன்னு நானும் பொறுத்துக்கிட்டேன். "பால் வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்லியிருக்கா. எனக்குப் 'பாய்'னு கேட்டுச்சு. நல்ல கோரைப்பாயாப் பாத்து வாங்கிட்டு வந்து போட்டேன். பாயைப் பாத்தா, என்னையப் பாத்தா, "இதைக் காய்ச்சி நீங்களே குடிங்க"ன்னு உள்ள போயிட்டா. ஹெட்மாஸ்டர் ஒருநாள் வராந்தாவுல நிறுத்தி, "அருளப்பன், ஆடிட் வருது, உங்க சாமான் ரெஜிஸ்டர் எப்படி இருக்கு?"ன்னிருக்காரு. எனக்கு 'ஆடி வருது'ன்னு மட்டும் கேட்டுச்சு. "ஆமா சார், காத்து தூக்கிரும்"னேன். அவரு ரொம்ப நேரம் என்னையே பாத்தாரு. மூளைக்கும் பரவிருச்சோன்னு நினைச்சிருப்பாரு, பாவம்.

இப்படி இருந்தவன்தான் விசிலைத் திரும்ப எடுத்தேன்.

மருந்து முடிஞ்சு நாலாவது மாசம். அசோசியேஷன்ல கூப்பிட்டாங்க, மாட்டேன்னு சொல்லல. கபடிக்கு ரெண்டு அம்பயரு, கோட்டுக்கு அங்கிட்டு ஒருத்தர், இங்கிட்டு ஒருத்தர். எனக்கு எதுத்தாப்புல எப்பவும் நிக்கிறவன் முத்திருளன். போடியில ஸ்டேஷனரிக் கடை வச்சிருக்கான், என் வயசுதான், பதினஞ்சு வருஷச் சிநேகிதம். நான் திரும்ப வந்ததுலருந்து அவன்கிட்ட ஒரு பழக்கம் பாத்தேன். பாட்டு அறுந்துச்சுன்னா எனக்கு முந்திக் கையைத் தூக்கிருவான். முன்னெல்லாம் அப்படிச் செய்யமாட்டான். சரி, நான் இல்லாத நாள்ல கொஞ்சம் ஆட்டம் போட்டுப் பழகிட்டான்னு நினைச்சேன். ஆனா கையைத் தூக்கினா தூக்கினதுதான, நானும் உடனே விசில் அடிச்சிருவேன். ஒருத்தனும் ஒரு குறை சொல்லல. பாம்புக்காது பாம்புக்காதாவே இருக்குன்னு நான் மீசையைத் தடவிக்கிருந்தேன். மீசை திரும்ப முளைச்சிருச்சு, அதையும் சொல்லிர்றேன்.

அதெல்லாம் ஆம்பளைப் பசங்க ஆட்டம். பொம்பளைப் பிள்ளைக ஆட்டம் ஒண்ணு வந்துச்சு.

ஜூனியர் ஃபைனல். மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கிற ஆட்டமும் அதுதான். கமிட்டிக்காரங்க பந்தலுக்குக் கீழ நோட்டோட உக்காந்திருக்காங்க. அன்னைக்குப் பாத்து முத்திருளன் வரல. அவன் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. என் காது என்னையக் கவுத்த அன்னைக்கு இன்னொருத்திக்குக் காது குத்திக்கிருந்திருக்காங்க, என்ன சொல்ல. அவனுக்குப் பதிலா ஒரு புது ஆள். இருபத்தஞ்சு வயசு இருக்கும். சீனியர் விசில் அடிச்சா சூரியன் மேற்கேன்னு ஒத்துக்கிற ரகம்.

ஒரு டீம்ல அங்காளீஸ்வரின்னு ஒரு பிள்ளை. தேவாரத்துக்குப் பக்கத்துக் கிராமம், ப்ளஸ் டூ முடிச்சவ. ஒல்லியா, கால் மட்டும் அம்பு மாதிரி. அப்படி ஒரு ஆட்டத்தை நான் பாத்ததில்ல தம்பி. ஆனா குரல் ரொம்ப மெலிசு, நூல் மாதிரி. மத்த பிள்ளைக எல்லாம் தொண்டை கிழியக் கத்திப் பாடுதுக, அதுவே எனக்கு அங்கொண்ணும் இங்கொண்ணுமாத்தான் வருது. இந்தப் பிள்ளை பாட்டு சுத்தமா வரல. முதல் பாதி பூராம் அவ உதட்டைப் பாத்தே ஓட்டிட்டேன். நடுவுல ரெண்டு தடவ கூப்பிட்டு, "சத்தமாப் பாடும்மா, அம்பயருக்குக் கேக்கணும்"னு அதட்டுனேன். தலையை ஆட்டுச்சு.

கடைசி அரை நிமிஷம். இருபத்தி நாலு, இருபத்தி அஞ்சு. ஒரு பாயிண்ட் பின்னாடி இருக்காங்க. அங்காளீஸ்வரி போறா. அங்கிட்டுப் போனவ ஒரு காலை வீசி ஒருத்தியைத் தொட்டா, திரும்புற வேகத்துல இன்னொருத்தி கையைத் தட்டினா, ரெண்டு பேரு. கோட்டைத் தாண்டி வந்து விழுந்துட்டா. அவ்வளவுதான், ஜெயிச்சாச்சு. கூட்டம் எந்திரிச்சிருச்சு. ஆனா அந்த நேரம் பூராம் அவ முதுகுதான் என் பக்கம் இருந்துச்சு தம்பி. உதடு தெரியல. எனக்கு ஒண்ணுமே கேக்கல. என் காதுல சில்வண்டு மட்டும் 'கொய்ய்ய்'ன்னு பாடுது.

விசில் அடிச்சேன். பாட்டு அறுந்துச்சு, அவுட்டுன்னு கையைக் காட்டுனேன். அவ தொட்ட ரெண்டும் போச்சு, எதிர் டீமுக்கு ஒண்ணு ஏறுச்சு. இருபத்தி நாலு, இருபத்தி ஆறு.

அவங்க கோச் வேலுத்தாயி டீச்சர் கோட்டுக்கிட்ட ஓடியாந்துச்சு. பழைய ஸ்டேட் பிளேயர், சும்மா வராது. ஆனா கத்தல, என் முகத்துக்கு நேரா நின்னு தெளிவாக் கேட்டுச்சு. "சார், அவ பாடலயா, இல்ல உங்களுக்குக் கேக்கலயா?"

நான் சொன்னதைக் கேளுங்க. நெஞ்சை நிமித்தி, விசிலை வாயிலருந்து எடுத்துட்டுச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்."

பதினெட்டு வருஷத்துல நான் சொன்ன பதில்லயே இதுதான் பெரிய பதில்னு அப்ப எனக்குத் தோணுச்சு. புது அம்பயர் பையன் என்னைய ஏதோ கலெக்டரைப் பாக்குற மாதிரி பாத்தான். அந்தப் பிள்ளை முழங்கால் மண்ணைத் தட்டிக்கிட்டே எந்திரிச்சு, என்னையப் பாத்து ஏதோ சொல்லுச்சு. எதுத்துப் பேசுதுன்னு நினைச்சு ஒரு முறை முறைச்சேன். அது சொன்னது, "பாடினேன் சார்". அது பின்னாடிதான் எனக்குத் தெரியும், புதுப் பையன் சொல்லி. அவனுக்குக் கேட்டிருக்கு. பாட்டும் கேட்டிருக்கு. "நீங்க அடிச்சுட்டீங்களே சார், அதுக்குமேல நான் என்ன சொல்ல"ன்னான்.

திங்கக்கிழமை கமிட்டி லிஸ்ட் போட்டாங்க. அங்காளீஸ்வரி பேரு இல்ல. கடைசி ரைடுல பாட்டை விட்டவளை எதுக்கு எடுக்கணும், அப்படித்தான் பேசியிருப்பாங்க.

அன்னைக்குச் சாயந்திரம் அந்த ஆட்டத்து வீடியோவை எவனோ குரூப்புல போட்டான். நான் கூடத்துல இருக்கேன், ஜெசிந்தா என் போனை வாங்கிப் பாத்துக்கிருந்தா. பாத்துட்டு, "நல்லாத்தான பாடுது பிள்ள? நூல் பிடிச்ச மாதிரி 'கபடி கபடி'ங்குது. ஏன் அவுட்டுக் குடுத்தீங்க?"ன்னா. கபடியைப் பத்தி எனக்கே வகுப்பெடுக்கிறியான்னு போனைப் பிடுங்கிக் காதுல வச்சேன். கூட்டத்து இரைச்சல் கேக்குது. பாட்டு இல்ல. அதுகூடப் பரவாயில்ல. போனைக் கண்ணுக்கு நேரா எடுத்துப் பாத்தா, வீடியோவுல நான் கன்னத்தை உப்பிக்கிட்டு விசில் அடிக்கிறேன். அந்த விசிலும் கேக்கல.

"போன்ல ஸ்பீக்கர் போச்சு"ன்னேன்.

அவ அடுப்பங்கரைக்குப் போனா. கொஞ்ச நேரங்கழிச்சு எட்டிப் பாத்து, "குக்கர் எத்தனை விசில் அடிச்சுச்சு, எண்ணுனீங்களா?"ன்னு கேட்டா. நான் சளைக்கல. "மூணு."

"குக்கர் இன்னும் அடுப்புலயே ஏறல."

நான் நியூஸ் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரா விரிச்சுக்கிட்டேன். அவ வந்து பேப்பரை மடிச்சு வாங்கிட்டு, என் முகத்துக்கு நேரா உக்காந்தா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. "ஆறு மாசமாக் கத்திப் பேசி என் தொண்டை போச்சு. கோவிச்சுக்கிறேன்னு நினைச்சீங்களா? ஆஸ்பத்திரியில கேட்டப்ப ஏன் சொல்லல?"ன்னா. செத்துருவேன்னு பயந்தேன்னு அவகிட்ட அன்னைக்குத்தான் சொன்னேன்.

மறுநாள் போடிக்குப் போய் முத்திருளன் கடையில நின்னு, "என்னடா, எனக்குக் காது மந்தம்னு ஜெசிந்தா சொல்றா, நீ என்ன சொல்ற?"ன்னு கேட்டேன். இல்லவே இல்லன்னு சொல்லுவான்னு நினைச்சுத்தான் கேட்டேன். அவன் கல்லாவுல இருந்து எந்திரிச்சு வந்து, வலது காதுக்குப் பக்கத்துல நின்னு சொன்னான். "ரெண்டு மாசமா நான்தான்டா உனக்குக் காது. எதுக்குக் கையைத் தூக்கிக்கிருந்தேன்னு நினைச்ச?" சொல்லிட்டு, "காதுகுத்துக்குப் போயிருக்கக் கூடாதுடா நான்"னான். அவன் மன்னிப்புக் கேக்குறான் தம்பி, என்கிட்ட.

அப்பவும் மதுரைக்கு டெஸ்டுக்குப் போனேனே, ஒழுங்காப் போனேனா? கண்ணாடி ரூமுல உக்கார வச்சு, தலையில ஒண்ணை மாட்டி, கையில பட்டனைக் குடுத்தாங்க. சத்தம் கேட்டா அமுக்கணும். டெஸ்ட் பண்ற பொண்ணு கண்ணாடிக்கு அங்கிட்டு உக்காந்திருக்கு. நான் அது கையைப் பாத்துக்கிருந்தேன். அது எதையோ திருகுறப்பல்லாம் டக்குனு அமுக்குனேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, அது உள்ள வந்து, சிரிக்காம, என் நாற்காலியைச் சுவத்தைப் பாத்துத் திருப்பிப் போட்டுட்டுப் போயிருச்சு. அப்புறம் நான் ஆரம்பத்துல நாலஞ்சு தடவ பட்டனை அமுக்குனதோட சரி. உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிருந்தேன்.

வெளிய வந்ததும் ஒரு கோடு போட்ட தாளைக் காமிச்சுச்சு. இங்கிட்டு நேராப் போற கோடு, பாதிக்கு மேல கிணத்துல விழுந்த மாதிரி கீழ இறங்குது. "கனமான சத்தமெல்லாம் உங்களுக்குக் கேக்கும் சார். மெல்லிசா, கூர்மையா வர்ற சத்தந்தான் போயிருச்சு. சின்னப் பிள்ளைக பேச்சு, பொம்பளைங்க குரல், விசில், இதெல்லாம்"னுச்சு. போனது திரும்ப வராது, இரைச்சலும் இருந்துக்கிட்டுதான் இருக்கும், மெஷின் வச்சுப் பழகிக்கிரலாம்னு சொல்லுச்சு. "உங்க வேலையில காது ரொம்ப முக்கியமா?"ன்னு கேட்டுச்சு. "அப்படியெல்லாம் இல்லம்மா"ன்னேன்.

அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், பண்ணுன பாவத்தைச் சாமியார்கிட்டச் சொல்றது. கோயில்ல பலகைக்கு அங்கிட்டு சாமியார், இங்கிட்டு நான். எல்லாத்தையும் சொன்னேன். பொய் விசில் அடிச்சு ஒரு பிள்ளை வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டேன் சாமி, என்ன செய்யட்டும்னு கேட்டேன். சாமியார் ரொம்ப நேரம் பேசினாரு. பலகை வழியா, கிசுகிசுன்னு. ஒரு சொல்லு கேக்கல எனக்கு. திருப்பிச் சொல்லுங்கன்னு கேட்டிருக்கலாம்ல? கேக்கல. "சரி சாமி"ன்னு எந்திரிச்சு வந்து, என்ன பரிகாரம் சொன்னாரோ, எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு முழு ஜெபமாலை சொன்னேன். வீட்டுக்கு வந்து ஜெசிந்தாகிட்டச் சொன்னா, அவ தலையில அடிச்சுக்கிட்டா. "அவரு என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையைப் போய்ப் பாருன்னு சொல்லியிருப்பாரு."

முதல்ல அசோசியேஷனுக்கு லெட்டர் எழுதினேன். எனக்குக் காது கேக்கல, அந்தப் பிள்ளை பாடுச்சு, வீடியோ இருக்கு, தப்பு என்னுதுன்னு. இத்தனை வருஷத்துல முதல்தடவ 'தப்பு என்னுது'ன்னு எழுதுறேன், அந்த ஒரு வரிக்கு மூணு தாள் கிழிஞ்சுச்சு. ஒரு வாரங்கழிச்சு செயலாளர் போன் பண்ணுனாரு. ஜெசிந்தாதான் பேசி, எனக்கு எழுதிக் காமிச்சா. முடிஞ்ச ஆட்டத்தை மாத்த முடியாது. ஆனா ரிசர்வுக்கு ரெண்டு பேரு எடுக்க அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு ட்ரையல் இருக்கு. அந்தப் பிள்ளையை வரச் சொல்லுங்க. வேலுத்தாயி டீச்சருக்குப் போட்டா, என் நம்பரைப் பாத்து டீச்சர் எடுக்கவே இல்ல. யாரு எடுப்பா? நானே போய்ச் சொல்றதுதான் வழி.

ட்ரையல் என்னாச்சுன்னு இப்பவே சொல்லிர்றேன், நீங்க நெஞ்சுல வச்சுக்கிட்டு உக்கார வேணாம். போனா, ரிசர்வுல எடுத்தாங்க. இப்பக் கோயமுத்தூர்ல காலேஜ் படிக்கிறா, கபடி கோட்டாவுல. அது அவ காலு வாங்கிக் குடுத்தது, நான் வாங்கிக் குடுத்தது இல்ல. நான் விசிலைக் குடுத்துட்டேன். இப்ப ஸ்கோர் எழுதுறேன். அதுக்குக் கண்ணு போதும்.

ஆனா அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லப் போன அன்னைக்கு நடந்ததுதான் இன்னும் உறுத்துது.

சாயந்திரம் அஞ்சு மணிக்கு அந்த ஊருக்குப் போய்ச் சேந்தேன். வீடு பூட்டியிருந்துச்சு. பக்கத்துல விசாரிச்சா, ஆட்டம் இல்லாத நாள்ல அந்தப் பிள்ளையும் அம்மாகூட ஏலக்கா எடுக்கப் போகுதாம். கேரளா மலைக்கு ஜீப்புல போய்ட்டு ஜீப்புல வர்றது. ஜீப்பு நிக்கிற முக்குல போய் நின்னேன். வந்துச்சு. உள்ள பதினஞ்சு பொம்பளைக அடைஞ்சு உக்காந்திருக்காங்க, ஒவ்வொருத்தரா இறங்குறாங்க. தலையில துண்டு, கையில தூக்குவாளி, அங்காளீஸ்வரி இறங்குறா. என்னையப் பாத்ததும் நின்னுட்டா. அவ அம்மா என்னைய யாருன்னு கேக்க, அவ ஏதோ சொல்ல, அந்தம்மா முகம் மாறிப்போச்சு.

நான் பஸ்ஸுல வரும்போதே பேச்சை மனப்பாடம் பண்ணியிருந்தேன். நின்ன இடத்துலயே ஆரம்பிச்சேன். எனக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சும்மா, அதுக்கு ஏத்துன மருந்துல காது போச்சு, அதை மறைச்சுட்டு விசில் அடிச்சேன், நீ பாடுனது எனக்குக் கேக்கல, நீ பாடலன்னு சொன்னது பொய்யி, ஞாயித்துக்கிழமை ட்ரையல் இருக்கு, போம்மா. எல்லாத்தையும் ஒரே மூச்சுல. நடுவுல நிறுத்தினா அறுந்துரும்னு பயம். காது கேக்காதவன் எவ்வளவு சத்தமாப் பேசுறான்னு அவனுக்குத் தெரியாதுல்ல, இறங்கிப் போன பொம்பளைகளும் நின்னு கேக்குறாங்க. ஜீப்பு இன்ஜின் வேற ஓடிக்கிருக்கு.

அந்தப் பிள்ளை என்னையவே பாத்துக்கிருந்துச்சு. அப்புறம் ஏதோ சொல்லுச்சு. நாலஞ்சு வார்த்தை இருக்கும். உதடு தெரிஞ்சுச்சு, அஞ்சு மணி வெயில்ல நல்லாவே தெரிஞ்சுச்சு. என்னன்னு பிடிபடல. மன்னிச்சுட்டேன்னு சொல்லியிருக்கும்னு நானா நினைச்சுக்கிட்டு, கையைக் கும்பிட்டு, "சந்தோஷம்மா. நல்லா இரு"ன்னேன்.

பொம்பளைக ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ஒருத்தி முந்தானையை வாயில வச்சுக்கிட்டா. அந்தம்மா மட்டும் தரையைப் பாத்துச்சு.

நான் திரும்பி நடந்தேன். பஸ் ஸ்டாப்புக்கு அந்தப் பக்கம் போகணும். ஒரு இருபது அடி போயிருப்பேன். ஜீப்பும் கிளம்பிப் போயிருச்சு. நின்னேன். சாமியார்கிட்டக் கேக்கல, ஹெட்மாஸ்டர்கிட்டக் கேக்கல, அன்னைக்குக் கோட்டுக்குள்ள நின்னு இதே பிள்ளை என்னமோ சொன்னப்பவும் கேக்கல. திரும்பி வந்தேன். இன்னும் அதே இடத்துலதான் நிக்கிறா. "தாயி, நீ சொன்னது எனக்குக் கேக்கல. திருப்பிச் சொல்லு"ன்னேன். நாப்பத்திரெண்டு வருஷத்துல ஒருத்தர்கிட்டயும் நான் அப்படிக் கேட்டதில்ல தம்பி.

அவ தூக்குவாளியை அம்மாகிட்டக் குடுத்துட்டு, ரெண்டு எட்டு முன்னாடி வந்து, என் முகத்துக்கு நேரா நின்னு, ஒவ்வொரு வார்த்தையா விட்டு விட்டுச் சொன்னா.

"கேக்கலைன்னு, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்."

நான் மறுபடி திருப்பிச் சொல்லச் சொல்லல. அது நல்லாக் கேட்டுருச்சு.